முப்பது வெற்றிகளும் ஒரு தோல்வியும்



விளையாட்டு உலகில் வெற்றி என்பது நாள்தோறும் நிகழும் ஒன்று. மாலையில் ஓர் அணி வெல்கிறது. மறுநாட் காலை அச்செய்தி பத்திரிகையில் வருகிறது. அதற்கு மறுநாள் அது மறக்கப்படுகிறது. ஆனால் ஓர் அணியோ ஒரு வீரரோ பத்து ஆட்டங்கள், இருபது ஆட்டங்கள், முப்பது ஆட்டங்கள் என ஒன்றிலும் தோலாது வென்றுகொண்டே செல்லும்போது, அவ்விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாதவரும் செவிசாய்க்கத் தொடங்குகின்றனர். அடுத்த ஆட்டத்திலும் வெல்வார்களா என்பதே எங்கும் பேச்சாகிவிடுகிறது. இத்தகைய வெற்றித் தொடர்கள் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு முடிவுறுகின்றன, அவற்றை நாம் எந்த அளவுகோல் கொண்டு அளத்தல் வேண்டும் என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நமக்கு அண்மையிலுள்ள பாரத நாடு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டொன்றைத் தந்திருக்கிறது. ஒலிம்பிக் ஹொக்கியில் 1928 முதல் 1960 வரை இந்திய அணி இடைவிடாது பெற்ற முப்பது வெற்றிகளே அவை.

1928ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரில் இந்திய அணி முதன்முதலாக ஒலிம்பிக் களம் புகுந்தது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்களைப் போட்டது. தன் வலைக்குள் ஒரு கோலும் புக விடவில்லை. அவற்றுள் 14 கோல்கள் தியான் சந்த் என்னும் ஒருவருடைய மட்டையிலிருந்து பிறந்தவை. 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யப்பானை 11-1 எனவும், அமெரிக்காவை 24-1 எனவும் வென்றது. 1936இல் பேர்லினில் ஐந்து ஆட்டங்கள், 38 கோல்கள். ஆகஸ்ட் 15ஆம் திகதி நடந்த இறுதியாட்டத்தில், ஜேர்மனியை அதன் சொந்த மண்ணிலேயே 8-1 என்ற கணக்கில் தோற்கடித்தது.

பின்னர் உலகப் போர் மூண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒலிம்பிக் விழா நடைபெறவில்லை. அவ்விடைவெளியில் ஒரு தலைமுறை வீரர்கள் ஓய்ந்தனர்; நாடும் இரண்டாயிற்று. ஆயினும் 1948இல் லண்டனில் சுதந்திர இந்தியாவின் அணி ஐந்து ஆட்டங்களிலும் வென்று, இறுதியில் பிரித்தானியாவை 4-0 எனத் தோற்கடித்தது. 1952இல் ஹெல்சிங்கியில் மூன்று வெற்றிகள். நெதர்லாந்துக்கு எதிரான இறுதியாட்டத்தின் ஆறு கோல்களில் ஐந்தினை பல்பீர் சிங் ஒருவரே போட்டார். 1956இல் மெல்பேர்னில் மீண்டும் ஐந்து வெற்றிகள், 38 கோல்கள், எதிரிகளுக்கு ஒன்றேனும் இல்லை.

1960ஆம் ஆண்டு ரோம் நகரில் டென்மார்க், நெதர்லாந்து, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளையும் இந்திய அணி வரிசையாக வென்றது. இத்துடன் வெற்றிகள் முப்பதாயின. செப்டெம்பர் 9ஆம் திகதி இறுதியாட்டம். எதிரே நின்றது பாகிஸ்தான். ஆட்டத்தின் முற்பாதியில் நஸீர் அஹ்மத் ஒரு கோல் போட்டார். எஞ்சிய நேரம் முழுவதும் இந்தியா முயன்றும் அதைச் சமன்செய்ய இயலவில்லை. 1-0. முப்பத்திரண்டு ஆண்டுகள் நீண்ட ஒரு வரலாறு அந்த ஒரு கோலுடன் முடிவுற்றது.

இவ்வளவும் பலர் அறிந்த செய்திகள். இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்த முடிவு உண்மையில் அன்றுதான் நேர்ந்ததா? விடை காண்பதற்கு வெற்றித் தொடர் ஒன்றை மூன்று வகையில் அளந்து பார்த்தல் வேண்டும். முதலாவது, அதன் எண்ணிக்கை. இரண்டாவது, எதிரே நின்றவர் யார் என்பது. மூன்றாவது, எவ்வளவு வித்தியாசத்தில் வென்றனர் என்பது.

முதலில் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழவும் பூ விழவும் சம வாய்ப்பு உண்டு. பத்து முறை சுண்டிப் பத்து முறையும் தலையே விழ வேண்டுமாயின், அதற்கான வாய்ப்பு 1024இல் ஒன்றுதான். சமபலமுள்ள இரு அணிகள் மோதும்போதும் கணக்கு இதுவே. சரி, ஓர் அணி மிக வலிமை வாய்ந்தது. பத்து ஆட்டங்களில் ஒன்பதை வெல்லத்தக்கது என்று கொள்வோம். அத்தகைய அணி நூறு இருப்பின், அவற்றுள் முதற் பத்து ஆட்டங்களையும் தொடர்ந்து வெல்பவை ஏறக்குறைய 35. இருபது ஆட்டங்களையும் வெல்பவை 12. முப்பதையும் வெல்பவை நான்கே நான்கு. ஒன்பதும் ஒன்றும் என்ற பெருவலிமை படைத்த அணிக்கே நிலை இதுவாயின், முப்பது வெற்றி எத்துணை அரியது என்பது விளங்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆட்டங்களை வெல்லத்தக்க அணிக்குத்தான் முப்பது வெற்றி எளிதில் கைகூடும். அங்கும் நூறில் 26 அணிகள் இடையில் எங்கோ ஒருமுறை சறுக்கும். எல்லா ஆட்டங்களும் ஒரே தன்மையானவை அல்லவாதலின் இக்கணக்கு ஒரு பருமட்டான கணக்கே. ஆயினும் அது ஓர் உண்மையை உணர்த்துகிறது: நீண்ட வெற்றித் தொடருக்கு வலிமை இன்றியமையாதது, ஆனால் வலிமை மாத்திரம் போதாது. நல்வாய்ப்பும் சிறிது கூடவே நடந்து வருதல் வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் எதிரணியின் தரம். இந்தியாவின் வரலாற்றையே பாருங்கள். 1908இலும் 1920இலும் ஒலிம்பிக் ஹொக்கியில் தங்கம் வென்ற பிரித்தானியா, 1928, 1932, 1936 ஆகிய மூன்று விழாக்களிலும் ஹொக்கி அணியை அனுப்பவில்லை. 1932இல் போட்டியிட்டவை மொத்தம் மூன்று நாடுகளே. அதாவது, தொடரின் முதற் பன்னிரண்டு வெற்றிகள் பிரித்தானியாவைச் சந்திக்காமலே பெறப்பட்டவை. இதனால் அவ்வெற்றிகளின் பெருமை குன்றிவிடுமா? குன்றாது. வராதவரை வெல்லுதல் எவராலும் இயலாது. வந்தவர் அனைவரையும் வெல்லுதலே வீரர் கடமை. பிரித்தானியா களத்துக்கு வந்த 1948இல், அதன் சொந்த வெம்பிளி மைதானத்திலேயே இந்தியா தன் தகுதியை நிலைநாட்டியது. எனினும் வெற்றிகளை எண்ணும்போது அவற்றை நிறுத்தும் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

மூன்றாவது அளவுகோலே மிக முக்கியமானது. அது வெற்றியின் வித்தியாசம். 1956இல் மெல்பேர்னில் இந்தியா போட்ட 38 கோல்கள் எந்தெந்த ஆட்டங்களில் வந்தவை? ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 14, அமெரிக்காவுக்கு எதிராக 16, சிங்கப்பூருக்கு எதிராக 6. ஆக முதல் மூன்று ஆட்டங்களிலேயே 36. அரையிறுதியில் ஜேர்மனியை வென்றது 1-0. இறுதியில் பாகிஸ்தானை வென்றதும் 1-0. நான்கு ஆண்டுகளின் பின் ரோமில், முதற் சுற்றின் மூன்று ஆட்டங்களில் 17 கோல்கள். காலிறுதியில் அவுஸ்திரேலியாவை வென்றது 1-0. அரையிறுதியில் பிரித்தானியாவை வென்றதும் 1-0. தோற்றால் வெளியேற வேண்டிய நான்கு ஆட்டங்களில், நான்கிலும் ஒரே ஒரு கோல் வித்தியாசம்! பேர்லினில் எட்டு, லண்டனில் நான்கு, ஹெல்சிங்கியில் ஆறு என இறுதியாட்டத்தில் கோல் குவித்த அணி, மெல்பேர்னில் ஒன்றுடன் நின்றது. ரோமில் அந்த ஒன்றும் எதிரியின் பக்கம் சென்றது.

இன்னுமொரு சான்றும் உண்டு. 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவும் பாகிஸ்தானும் கோலின்றிச் சமநிலையில் முடித்தன. கோல் விகிதத்தில் முந்திய பாகிஸ்தானே தங்கம் பெற்றது. அது ஒலிம்பிக் அன்று. ஆதலின் தொடரின் கணக்கில் சேரவில்லை. 'இந்தியா ஒலிம்பிக்கில் தோற்றதில்லை' என்ற வாசகம் ரோம் நகர் செல்லும் வரை உண்மையாகவே இருந்தது. அந்த உண்மை, எதிரி ஏற்கெனவே சமமாகிவிட்டான் என்ற மற்றோர் உண்மையைப் பலரின் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. வெற்றித் தொடரின் முடிவு தோல்வி நாளில் தொடங்குவதில்லை. வித்தியாசம் சுருங்கத் தொடங்கும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது.

இதனை எங்கள் பகுதி விவசாயிகள் நன்கறிவர். நான்கு பெரும்போகம் தொடர்ந்து நன்கு விளைந்தால், ஐந்தாவது ஆண்டில் வாய்க்காலைத் துப்புரவாக்குமாறு வட்டைவிதானை சொல்லும்போது சிலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. விளைச்சல் நன்றாகத்தானே இருக்கிறது என்பர். ஆனால் வண்டல் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாகப் படிந்துகொண்டே இருக்கும். ஏக்கருக்கு ஓரிரு மூடை குறைந்ததை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. வயல் காயும் ஆண்டில்தான் எல்லோரும் வாய்க்காலை நோக்கி ஓடுகின்றனர்.

தோற்றுக்கொண்டிருந்த பாகிஸ்தானோ சும்மா இருக்கவில்லை. 1948இல் நான்காம் இடம், 1952இல் நான்காம் இடம், 1956இல் வெள்ளி, 1960இல் தங்கம். தோற்பவனுக்குத் தன் குறை நன்கு தெரிகிறது. வெல்பவனுக்கு அது எளிதில் தெரிவதில்லை. இங்கு உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. பேர்லின் விழா தொடங்குவதற்கு முன்னர் நடந்த பயிற்சி ஆட்டமொன்றில் ஜேர்மனி இந்தியாவை 4-1 எனத் தோற்கடித்தது. அதிர்ச்சியுற்ற இந்திய அணியினர் தந்தி கொடுத்து, தாயகத்திலிருந்து அலி தாரா என்னும் வீரரை வரவழைத்தனர். அவர் அரையிறுதியிலும் இறுதியிலும் ஆடித் தங்கம் வெல்லத் துணைநின்றார். அந்தத் தாராவே 1948இல் பாகிஸ்தான் அணியின் தலைவர். லத்தீபுர் ரஹ்மான், அக்தர் ஹுஸைன் ஆகிய இருவரும் 1948இல் இந்தியாவுக்காகத் தங்கமும், 1956இல் பாகிஸ்தானுக்காக வெள்ளியும் பெற்றவர்கள். ஆக, இந்தியாவை வென்றது முற்றிலும் அந்நியமான ஒன்றன்று. ஒரே கூடத்தில் பயின்ற கலை, இரண்டு வீடுகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று எதிர்கொண்டது என்றே சொல்லலாம்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு நமது இலங்கைக் கிரிக்கெட் அணியும் வெற்றித் தொடரொன்றைக் கண்டது. உலகக் கிண்ணத்துக்கு நேரடியாகத் தகுதிபெறத் தவறிய நிலையில், சிம்பாப்வேயில் தகுதிகாண் சுற்றில் ஆடவேண்டிய நெருக்கடி நமக்கு ஏற்பட்டிருந்தது. அதற்கு முன்னர் ஜூன் மாதத்தில் அம்பாந்தோட்டையில் ஆப்கானிஸ்தானை இரு ஆட்டங்களில் வென்றோம். தகுதிகாண் சுற்றில் எட்டு ஆட்டங்கள், எட்டிலும் வெற்றி. வனிந்து ஹசரங்க தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஐந்தோ அதற்கு மேலோ விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். பின்னர் ஆசியக் கிண்ணத்தில் மேலும் மூன்று. மொத்தம் பதின்மூன்று. ஆண்களுக்கான ஒருநாள் சர்வதேசப் போட்டிகளில் அவுஸ்திரேலியா 2003இல் பெற்ற 21 தொடர் வெற்றிகளுக்கு அடுத்ததாக அது அன்று வைத்தெண்ணப்பட்டது. நாமெல்லோரும் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது முறையே.

ஆனால் மூன்று அளவுகோல்களையும் இங்கு வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை பெரிது. எதிரணிகளோ, பதின்மூன்றில் எட்டு தகுதிகாண் சுற்றைச் சேர்ந்தவை. வித்தியாசம்? ஐக்கிய அரபு இராச்சியத்தை 175 ஓட்டங்களால் வென்ற நாம், செப்டெம்பர் 5ஆம் திகதி லாகூரில் ஆப்கானிஸ்தானை வென்றது இரண்டே இரண்டு ஓட்டங்களால். 9ஆம் திகதி கொழும்பில் பங்களாதேஷை வென்றது 21 ஓட்டங்களால். ஹசரங்க காயமுற்று அணியில் இல்லை. 12ஆம் திகதி கொழும்பில் இந்தியா வந்தது. இளைஞர் துனித் வெல்லாலகே 40 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்து இந்தியாவை 213க்குள் அடக்க உதவினார். ஆயினும் நாம் 41 ஓட்டங்களால் தோற்றோம், தொடர் முடிவுற்றது. ஐந்து நாள் கழித்து நடந்த இறுதியாட்டத்தில் நமது அணி 50 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்தது. அவ்வாண்டு உலகக் கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டை மாத்திரமே வென்று ஒன்பதாம் இடத்தில் நின்றோம். பதின்மூன்று வெற்றியும் பொய்யல்ல. ஆனால் அவை சொல்லாத ஒன்றை நாமாகவே அவற்றில் சேர்த்து வாசித்துவிட்டோம்.

தோல்வியின் பின் என்ன செய்வது என்பதையும் ஒரு வீரரிடமிருந்து கற்போம். பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கான் ஸ்குவொஷ் ஆட்டத்தில் ஈடிணையற்றவர். சிறுவயதில் நோயுற்று, கடும் உடலுழைப்பு ஆகாது என வைத்தியர்களால் எச்சரிக்கப்பட்டவர். 1981ஆம் ஆண்டு பிரித்தானியப் பகிரங்கப் போட்டியின் இறுதியில் அவுஸ்திரேலியரான ஜெஃப் ஹன்டிடம் தோற்றார். அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் அவரைத் தோற்கடிக்க முடியவில்லை. அக்காலத்தில் அவர் வென்ற ஆட்டங்கள் 555 எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. 1986 நவம்பரில், பிரான்சின் துலூஸ் நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில், நியூசிலாந்தின் ரொஸ் நோர்மன் அவரை வென்றார். நோர்மன் அதற்கு முன் அவரிடம் பன்முறை தோற்றவர். தோற்றுத் தோற்றே அவரது ஆட்டத்தைப் படித்தவர். தோற்ற ஜஹாங்கீர் மட்டையை வைத்துவிட்டு வீட்டுக்குச் செல்லவில்லை. பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தை 1982 முதல் 1991 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து தமதாக்கினார். அப்பத்தில் ஐந்து பட்டங்கள் அந்தத் தோல்விக்குப் பின்னர் பெற்றவை.

இந்திய ஹொக்கியும் அவ்வாறே 1964இல் டோக்கியோவில் பாகிஸ்தானை 1-0 என வென்று தங்கத்தை மீட்டது. பின்னர் செயற்கைப் புல்தரை வந்தது. 1976இல் மொன்றியலில் இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1980இல் தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மீண்டும் தங்கம். அதன்பின் நீண்ட வறட்சி. டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் வெண்கலம். ஏற்றமும் இறக்கமும் கலந்ததே எந்த வரலாறும்.

இவையெல்லாம் பெரிய நாடுகளின் கதைகள். நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என எங்கள் கரையோர ஊர்களில், அஸர் தொழுகை முடிந்த மாலைப் பொழுதில் மைதானங்களில் உதைபந்து உருள்வதைக் காணலாம். அங்கும் வெற்றித் தொடர்கள் உண்டு. பாடசாலைகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் ஓர் அணி சில ஆண்டுகள் தோலாதிருந்துவிட்டால், ஊரே அதைப் பேசும். மகிழ்ச்சிதான். ஆனால் பல ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்து நான் கவனித்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. தோல்வியே காணாத அணியில் புதிய பிள்ளைக்கு இடம் கிடைப்பது அரிது. இவனைச் சேர்த்துத் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி, பழகிய பதினொருவரையே ஆண்டுதோறும் இறக்குகின்றனர். அப்பதினொருவரும் உயர்தரம் முடித்து ஒருங்கே வெளியேறும்போது, பின்னால் எவரும் இல்லை. தொடரைக் காக்கப் போய் அணியையே இழந்துவிடுகிறோம்.

பிள்ளைகளின் உள்ளத்துக்கு நேரும் ஊறு இதனினும் பெரிது. தோற்றதேயில்லை என்ற பெருமையில் வளர்ந்த பிள்ளை, முதல் தோல்வியன்று பெற்றோர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. சிலர் அத்துடன் மைதானத்தையே விட்டுவிடுகின்றனர். ஐந்து முறை தோற்று ஆறாம் முறை வென்ற பிள்ளையோ, மைதானத்திலும் பரீட்சை மண்டபத்திலும் தளர்வதில்லை. ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆடிவிட்டு வீடு திரும்பும்போது, 'வென்றாயா?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். 'எதிரணி எப்படி ஆடியது? எந்த இடத்தில் உங்களுக்குக் கடினமாயிருந்தது?' என்றும் கேளுங்கள். வென்ற நாளில் இக்கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்குத் தோற்ற நாளில் விடை தயாராக இருக்கும்.

வெற்றித் தொடர் எதுவாயினும் ஒருநாள் முடிவது திண்ணம். எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிவைப்போம். வித்தியாசத்தை மனத்தில் எழுதிவைப்போம். எட்டு கோலில் வென்றவர் ஒரு கோலில் வெல்லும் நாளே விழித்துக்கொள்ள வேண்டிய நாள். அன்று வாய்க்காலைத் துப்புரவாக்குவோருக்கு அடுத்த போகமும் உண்டு.